வீட்டில் கணக்குப் பழக்குவது எப்படி? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். மூன்றாம் வகுப்பில் மட்டுமல்ல, ஐந்தாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். பெற்றோர்கள் இதைக் கவனக்குறைவு என்கிறார்கள், சிலர் ஓர் அடியும் கொடுக்கிறார்கள். ஆனால் இது கவனக்குறைவு அல்ல. 2-லிருந்து 7 போகாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. ஆகவே பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து 5 என்று போடுகிறது. பிறகு 5-லிருந்து 2 போக 3. அதன் கண்ணுக்கு 52 என்பது ஐம்பத்திரண்டு பொருட்களாகத் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எழுத்துகளாகத்தான் தெரிகிறது.

அதே பிள்ளையிடம் 52 ரூபாயைக் கொடுத்து, "27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு கொண்டு வருவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கொஞ்சம் யோசித்து 25 என்று சொல்லிவிடும். ஆனால் கையில் வந்த கணக்கு நோட்டில் வருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் வீட்டின் வேலை என்று நாம் கருதுகிறோம். வீட்டுப்பாடத்துக்கு மேல் இன்னொரு வீட்டுப்பாடம் கொடுப்பது வீட்டின் வேலை அல்ல.

சந்தையும் நோட்டும்

இது நம்முடைய ஊகம் மட்டுமல்ல. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றை 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம் என்று வேண்டுமென்றே சிக்கலான அளவுகளில் வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் மொத்தத் தொகையையும் மீதியையும் மனதுக்குள்ளேயே கணக்கிட்டுச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் பள்ளிக்கூட முறையில் தாளில் எழுதிக் கொடுத்த கழித்தலையும் வகுத்தலையும் அவர்களில் பெரும்பாலோரால் செய்ய முடியவில்லை. சந்தை வேலை தெரியாத பள்ளிப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். அங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. தாளில் செய்தவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985-லேயே இதே போன்ற ஆய்வு வந்திருக்கிறது. தெருவில் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது பாதிக்கு மேல் தவறாகச் செய்தார்கள்.

இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே. கடைக்கு அனுப்பினால் கணக்கு தானாக வந்துவிடும் என்பதும் பாதிதான், நோட்டு நோட்டாக எழுதினால் வந்துவிடும் என்பதும் பாதிதான். கையில் செய்ததை உடனே தாளில் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். தாளில் செய்ததைக் கையில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கு நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் நேரம் இல்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அதைச் செய்ய முடியும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

"எனக்கே கணக்கு வராது, இவனுக்கு எங்கே வரப்போகிறது?" பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே இதைச் சொல்லும் உம்மாக்களும் வாப்பாக்களும் உண்டு. தற்பெருமை இல்லாத பேச்சுப் போலத் தோன்றும். ஆனால் பிள்ளையின் காதில் அது தீர்ப்பாக விழுகிறது.

அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2015-ல் வெளியிட்டார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர், பிள்ளைக்கு அடிக்கடி கணக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த வீடுகளில், அந்த ஆண்டின் இறுதியில் பிள்ளை கற்றது குறைவாகவும் பயம் அதிகமாகவும் இருந்தது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அதிகம் தலையிடாத வீடுகளில் இப்படி நேரவில்லை. அதாவது பெற்றோரின் பயம் தன்னளவில் தொற்றுவதில்லை. பதற்றத்தோடு, எரிச்சலோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போதுதான் தொற்றுகிறது.

அதே 2015-ல் சிகாகோ பகுதியில் இன்னோர் ஆய்வு. படுக்கப் போகும் முன் எண்கள் வரும் ஒரு சிறு கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படித்து, அதிலுள்ள ஒரு கேள்வியைப் பேசிக்கொள்ளும்படி ஒன்றாம் வகுப்புப் பெற்றோரிடம் சொன்னார்கள். அதைச் செய்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. மிக அதிகமாக முன்னேறியவர்கள், கணக்குப் பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகளே. ஆக, கணக்குத் தெரியாத உம்மா பிள்ளைக்கு உதவ முடியாது என்பது சரியல்ல. வீட்டுப்பாட நோட்டை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, எண்களைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினாலே அது பெரிய உதவி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் உம்மம்மாக்கள் சந்தையில் பேரம் பேசிய கணக்கு, இன்று பட்டம் பெற்ற பலருக்கு வராது.

முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது?

'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளைச் சோதித்து 'அசர்' என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. (பெயரைப் பார்த்துத் தொழுகை நேரம் என்று எண்ண வேண்டாம். 'தாக்கம்' என்று பொருள்படும் வேறு சொல் இது.) அவர்கள் கணக்குக்குப் பயன்படுத்தும் தாளில் நான்கே படிகள். 1 முதல் 9 வரை உள்ள எண்களை அடையாளம் காண்பது, 11 முதல் 99 வரை உள்ள எண்களை வாசிப்பது, கடன் வாங்கிச் செய்யும் ஈரிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது.

இதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். ஒரு தாளில் கலைத்துப் போட்டு எண்களை எழுதுங்கள். வரிசையாக எழுதினால் பிள்ளை ஓதுவது போல ஒப்பித்துவிடும். பிறகு 63-38, 71-45 போல இரண்டு கழித்தல். அது வந்தால் 956-ஐ 4-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். எங்கே பிள்ளை தடுக்கி விழுகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் நின்றால் அங்கிருந்துதான் தொடக்கம். "இது மூன்றாம் வகுப்புக் கணக்காச்சே" என்று வெட்கப்பட்டு மேலே தாண்டிப் போனால், அந்த ஓட்டை பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையானால் இன்னும் எளிது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இந்தச் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கிறார்கள். "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது? என்ன வந்தால் அடுத்த நிலைக்குப் போகும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதைவிட இது பயன் தரும் கேள்வி.

எண்களை எந்த மொழியில் பேசுவது?

தமிழில் 13 என்பது பதிமூன்று. பத்து முன்னால், மூன்று பின்னால். எழுதும்போதும் அதே வரிசை. ஆங்கிலத்திலோ 'தர்ட்டீன்' என்று மூன்றின் ஒலி முன்னால் வந்துவிடும். எனவே ஆங்கில வழிப் பிள்ளைகள் பலர் 13-ஐ 31 என்று எழுதுகிறார்கள், 'ஃபிஃப்டீன்' என்றால் 50 என்றும் எழுதுகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. வீட்டில் தமிழில் எண்ணிப் பழகிய பிள்ளைக்குப் 'பத்தும் மூன்றும்' என்ற பொருள் முதலில் மனதில் பதிந்துவிடும். ஆங்கிலப் பெயரை அதன் மேல் ஒட்டிக்கொள்வது பிறகு கடினமல்ல. ஆங்கில வழியில் சேர்த்துவிட்டோம் என்பதற்காக வீட்டிலும் எண்களை ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு. எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று வருகிறது. 'நூறு' என்ற ஒலி அதில் இருப்பதால் சில பிள்ளைகள் 90-ஐ நூறோடு குழப்பிக்கொள்ளும். தொள்ளாயிரமும் அப்படியே. இந்த இரண்டு சொற்களையும் தனியாகப் பழக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் உருது பேசும் வீடுகளுக்குச் சிரமம் இன்னும் அதிகம். உருதுவில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் தனிப் பெயர். 29-ஐ 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்ற பொருளில் சொல்வார்கள். அந்த வீடுகளில் பத்து பத்தாகக் கட்டி எண்ணிக் காட்டுவது மிக அவசியம்.

மக்தப் மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரபு நாடுகளில் அச்சான குர்ஆன் பிரதிகளில் வசன எண் 5 சிறு வட்டமாக, நம் பூஜ்ஜியத்தைப் போல இருக்கும். 6 நம் 7-ஐப் போல இருக்கும். காலையில் அதைப் பார்த்த ஆறு வயதுப் பிள்ளை, பத்து மணிக்குப் பள்ளியில் 7-ஐப் பார்த்து ஆறு என்று சொன்னால் அதில் வியப்பில்லை. எழுத்தும் அங்கே வலமிருந்து இடம், இங்கே இடமிருந்து வலம். இரண்டு எழுத்துமுறைகள் உள்ளன என்பதை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். உஸ்தாதும் பள்ளி ஆசிரியரும் ஒருவரையொருவர் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பத்து ரூபாயை மாற்றுவது

தொடக்கத்தில் சொன்ன 52-27 கணக்குக்கு வருவோம். தொடக்கக் கணக்கில் மிக முக்கியமான முடிச்சு இது. இதை அவிழ்த்தால் கூட்டல், பெருக்கல், வகுத்தல் மூன்றும் இளகிவிடும்.

ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். எதிரே ஒரு கிண்ணத்தில் நிறைய ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வங்கி. இப்போது "27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். பிள்ளை இரண்டு பத்தைக் கொடுக்கும். பிறகு ஏழு ரூபாய் வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. அங்கே நின்றுவிடும். அந்த நிற்பு நல்லது, அவசரப்பட்டு வழி சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்தால், பத்தைக் கிண்ணத்தில் போட்டுப் பத்து ஒன்றுகளை எடுக்கலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே தோன்றும். இப்போது கையில் பன்னிரண்டு ஒன்றுகள். ஏழைக் கொடுத்தால் ஐந்து மீதி. பத்துகள் இரண்டு மீதி. ஆக 25.

இதை மூன்று நான்கு தடவை வெவ்வேறு தொகைகளில் செய்த பிறகுதான் தாளை எடுக்க வேண்டும். 5-ஐ அடித்து 4 என்று எழுதும்போது, "ஒரு பத்து வங்கிக்குப் போனது" என்று பிள்ளையே சொல்லட்டும். 2-ஐ 12 ஆக்கும்போது, "பத்து ஒன்றுகள் வந்தன" என்று சொல்லட்டும். நாம் 'கடன் வாங்குதல்' என்று படித்தோம். இன்றைய பாடநூலில் 'இன மாற்றம்' என்று இருக்கும். சொல்லப்போனால் புதிய பெயரே பொருத்தமானது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சிறு வேறுபாடு மட்டும் கவனம். கையில் செய்யும்போது பிள்ளை பத்திலிருந்து தொடங்கும், தாளில் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். கையில் செய்யும்போது "அப்படிச் செய்யாதே" என்று தடுக்க வேண்டாம்.

இங்கே ஒரு புதிய சிக்கலும் இருக்கிறது. கடையில் எல்லோரும் ஜிபே செய்கிறோம். மீதி வாங்குவது என்ற ஒன்றையே பார்க்காமல் வளரும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டுமென்றே காசாகக் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மீதியை எண்ணி வாங்கி வந்து வீட்டில் ஒரு சிறு நோட்டில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதட்டும். அந்த நோட்டுதான் நாம் சொன்ன பாலம்.

அடுப்படியும் கடிகாரமும்

முட்டை வாங்கும் அட்டையைப் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஐந்து, ஆறு வரிசை, மொத்தம் 30. திருப்பி வைத்தால் ஒரு வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை, அப்போதும் 30. 5×6, 6×5 இரண்டும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது. இட்லித் தட்டுகளும் அப்படித்தான். "ஒரு தட்டில் நான்கு குழி, மூன்று தட்டு வைத்தால் எத்தனை இட்லி? வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று வேண்டும், எத்தனை தட்டு வைக்கலாம்?" இரண்டாவது கேள்வியில் 15 இட்லி வேண்டும், 12 போதாது, ஆகவே நான்காவது தட்டும் வைக்க வேண்டும். மீதி வரும் வகுத்தலுக்கு வாழ்க்கையில் என்ன பொருள் என்பது இப்படித்தான் புரியும்.

நேரக் கணக்கு பல பிள்ளைகளுக்குத் தகராறு. பள்ளிவாசல் பலகையில் அஸர் 4:45, மஃரிப் 6:25 என்று இருக்கிறது. இடையில் எவ்வளவு நேரம்? பிள்ளை 625-லிருந்து 445-ஐக் கழித்து '1 மணி 80 நிமிடம்' என்று சொல்லும். கழித்தல் சரி, ஆனால் மணி நூறு நிமிடத்தால் ஆனதல்ல. 4:45-லிருந்து 5 மணிக்கு 15 நிமிடம், 5-லிருந்து 6-க்கு ஒரு மணி, பிறகு 25 நிமிடம், ஆக 1 மணி 40 நிமிடம் என்று படிப்படியாகத் தாண்டிச் செல்லக் கற்றுக்கொடுங்கள். முள் உள்ள கடிகாரம் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. கைப்பேசி எண்களைக் காட்டுகிறதே தவிர நேரம் ஓடுவதைக் காட்டுவதில்லை.

விளையாட்டும் கைகொடுக்கும். ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட எளிய விளையாட்டைச் சில நாட்கள் ஆடிய பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களின் அளவு பற்றிய அறிவு கூடியதாக 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. பரமபதம், தாயம், பல்லாங்குழி எதுவானாலும் சரி. ஆனால் ஆடும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. காய் 7-ல் நிற்கிறது, நான்கு விழுந்தது என்றால், பிள்ளை "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி நகர்த்தும். அப்படியல்லாமல் "எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். பயன் அங்கேதான் இருக்கிறது.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டும். மனனம் என்றாலே பழமை என்று பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பிள்ளைகள் எவ்வளவு மனனம் செய்ய முடியும் என்பதை ஹிஃப்ழு மதரஸாக்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 7×8 எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு, நீள் வகுத்தலின் நடுவில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். மனப்பாடம் அந்தச் சுமையைக் குறைக்கிறது. ஆனால் பொருள் தெரிந்து மனனம் செய்ய வேண்டும், சுமையைக் குறைத்து மனனம் செய்ய வேண்டும்.

10-ஆம் வாய்ப்பாடு வரை பத்துப் பத்தாக நூறு பெருக்கல்கள். முட்டை அட்டையில் கண்டபடி 5×6-உம் 6×5-உம் ஒன்றே என்றால், நூறு 55 ஆகக் குறைகிறது. 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் பிள்ளைகளுக்குச் சுலபமாக வந்துவிடும். அவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 21 மட்டுமே. 3×3-ல் தொடங்கி 9×9-ல் முடியும் இந்த 21-ஐ எழுதிச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். "நூறு மனப்பாடம் செய்" என்பதற்கும் "இன்னும் 21 தான்" என்பதற்கும் பிள்ளையின் முகத்தில் தெரியும் வேறுபாட்டைப் பாருங்கள். மறந்தால் மீட்டெடுக்க வழியும் சொல்லிக்கொடுங்கள். நான்கு என்பது இரண்டின் இருமடங்கு. ஒன்பது மடங்கு என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு. 9×7 மறந்துபோனால் 70-லிருந்து 7 போக 63.

கேட்கும்போது வரிசையாகக் கேட்காதீர்கள். வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு 6×7 தெரிய வேண்டுமென்றால் 6×1-லிருந்து ஓடிவர வேண்டியிருக்கும்.

அரை, கால், அரைக்கால்

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பின்னம் வரும்போது இன்னொரு சறுக்கல். 4 என்பது 2-ஐ விடப் பெரிது, ஆகவே 1/4 என்பது 1/2-ஐ விடப் பெரிது என்று பிள்ளை நினைக்கும். ஒரு தோசையைப் பிட்டுக் காட்டினால் அது தீரும். தமிழில் பின்னங்களுக்குத் தனிப் பெயர்களே இருப்பது நமக்குப் பெரும் வசதி. அரை, கால், முக்கால் எல்லோருக்கும் தெரியும். அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. மாகாணி என்றால் 1/16. முன்பு திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியில் இவற்றுக்கெல்லாம் வாய்ப்பாடே இருந்தது. கால் கிலோ 250 கிராம், அரைக்கால் கிலோ 125 கிராம், அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு சேர்ந்தால் ஒரு லிட்டர் என்று அன்றாடம் பேசினால், பாடநூலில் 1/2+1/4 வரும்போது 'முக்கால்' என்று வாய் தானாகச் சொல்லும்.

பின்னம் சரியாக வராத பிள்ளை பின்னால் எங்கே சிக்கும் என்பதை அரபுக் கல்லூரிகளில் நாம் பார்த்திருக்கிறோம். வாரிசுரிமைப் பாடத்தில் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்ற ஆறு பங்குகள்தான் அடிப்படை. மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6 என்று சட்டத்தைத் தெளிவாகச் சொல்லும் மாணவர், சொத்தை 24 பங்காக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். அரபு இலக்கணத்தில் கெட்டிக்காரராக இருப்பார். அவரைத் தடுப்பது ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன தோசைத் துண்டு.

எவ்வளவு நேரம், எப்படிப் பேசுவது?

ஒரு நாளைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது மேல். பள்ளி, மதரஸா, டியூஷன் எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளையை உட்கார வைப்பதில் பலனில்லை. சமைக்கும்போது, கடைக்கு நடக்கும்போது, பேருந்தில் போகும்போது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விடை தவறானால் "தப்பு" என்று சொல்வதற்கு முன், "இது எப்படி வந்தது, சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் சில சமயம் இதையே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கே 'தப்பு' என்று பொருள் வந்துவிடும். விளக்கிச் சொல்லும்போது பாதிப் பிள்ளைகள் தாங்களே பிழையைக் கண்டுபிடிப்பார்கள். விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடாதீர்கள். ஏழு வயது வரை விரல் நல்ல கருவி, தேவை தீர்ந்ததும் அதுவே நின்றுவிடும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறையும் நாம் படித்த முறையும் வேறாக இருந்தால், பிள்ளை பள்ளி முறையைப் பின்பற்றட்டும். எட்டு வயதில் இரண்டு முறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது கொடுமை. அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதைப் பற்றி நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை நிறுத்த வேண்டும்.

அபாகஸ் வகுப்புகள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேகமாகக் கூட்டப் பழக்கும், பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அனுப்பலாம். ஆனால் 52-27 ஏன் 25 என்று புரியாத பிள்ளைக்கு அது மருந்தல்ல. கைப்பேசிச் செயலிகளும் அப்படியே. சரி என்றால் பட்டாசு வெடிக்கும், தப்பு என்றால் சிவப்புக் குறி காட்டும். எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

எப்போது உதவி தேட வேண்டும்?

மேலே சொன்னபடி மூன்று நான்கு மாதம் பொறுமையாகப் பழக்கியும், எட்டு வயதுப் பிள்ளைக்கு 5-உம் 8-உம் வைத்தால் எது பெரிது என்று எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை, நேற்று வந்தது இன்று அடியோடு மறந்துபோகிறது, மற்றப் பாடங்களில் சாதாரணமாக இருந்தும் எண்களில் மட்டும் திணறுகிறது என்றால், அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைகள் பலர் மக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். அதில் குறை இல்லையென்றால் எண்களைப் பற்றிய கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது அறிவுக் குறைவும் அல்ல, வளர்ப்பின் தவறும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே முறையான மருத்துவச் சான்று பெற்றால் தேர்வுகளில் சலுகை கேட்க வழி உண்டு.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது பிள்ளையின் வரவு செலவு நோட்டையும், அது தவறாகப் போட்ட நான்கைந்து கணக்குகளையும் எடுத்துச் செல்லுங்கள். திருத்தாமல், அழிக்காமல், அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறான்" என்று சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? "52-லிருந்து 27 போனால் 35 என்கிறான், கையில் காசு கொடுத்தால் சரியாகச் சொல்கிறான்" என்று சொன்னால், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.